முன்னாடி ஷாக்குல ஆயில் ஒழுகுதா, சீல் வாங்கதுக்கு முன்னாடி பைப்பைப் பாரு மக்கா

குளச்சல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கான். அவங்க அப்பா 1998ல வாங்குன ஸ்பிளெண்டர் வீட்டுல நிக்குது, வலது பக்க ஷாக்குல ஆயில் வடிஞ்சு பாட்டம் கேஸ் (பைப்பு உள்ள ஏறி இறங்குற கீழ்க் குழல்) பூரா நனைஞ்சு கெடக்கு, போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்புல குடுத்து சீல் மாத்தியாச்சு, மூணே மாசத்துல திரும்பவும் ஒழுக ஆரம்பிச்சுட்டு, இனி அங்க போக மனசில்ல, நானே வீட்டுல வச்சு மாத்தலாமாண்ணே, என்னல்லாம் வேணும், எங்க சொதப்பும்னு.

மாத்தலாம் மக்கா, தாராளமா. நான் தொழில் மெக்கானிக் ஒண்ணும் இல்ல, தக்கலை பக்கம் வீடு, எனக்க பழைய சிடி 100க்கு ரெண்டு தடவை, மச்சினனுக்க வண்டிக்கு ஒருக்கா, பக்கத்து வீட்டு சாருக்கு ஒருக்கான்னு நாலு தடவை இந்த சோலி பாத்திருக்கேன், அதுல மொத தடவை தப்பா பண்ணுனேன், அதையும் சொல்லுகேன். ஆனா உன் கேள்வியில எனக்கு முக்கியமா பட்டது அந்த மூணு மாசம் தான். நல்ல சீலு சரியா போட்டா வருஷக்கணக்குல ஓடணும். மூணு மாசத்துல போச்சுன்னா பெரும்பாலும் சீல் மேல குத்தம் இருக்காது, அது உரசி ஏறி இறங்குற பைப்பு மேல தான் இருக்கும். கடலோரத்துல நிக்குற வண்டின்னா நான் பாக்காமலே பைப்பு மேல தான் சந்தேகப்படுவேன்.

ஏன்னு சொல்லுகேன். சீல் உள்ள ஒரு மெல்லிசான ரப்பர் உதடு இருக்கு, அதைச் சுத்தி ஒரு சின்ன ஸ்பிரிங் வளையம் இறுக்கிப் பிடிச்சிருக்கும், அந்த உதடு தான் பைப்பு மேல ஆயிலை வழிச்சு உள்ள தள்ளுது. பைப்பு கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்க வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. பைப்பு மேல இருக்க குரோம் பாக்க கெட்டியா தெரியும், ஆனா அதுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நெறைய உண்டு, உப்புக்காத்து ஈரத்தோட அதுக்குள்ள எறங்கி அடியில இருக்க இரும்பைத் தின்னும், துரு உப்பி குரோமைத் தூக்கி கொப்புளம் மாதிரி ஆக்கும், அது ஒரு நாள் பிஞ்சு போனா குழி. குழிக்க விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் சீல் உதடு அது மேல ஏறி இறங்குது, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவைன்னு நம்ம ரோட்டை நினைச்சு நீயே கணக்கு போட்டுக்க. இதுல நமக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்கு பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ரெண்டு மழையும் வாங்குற குமரி மாவட்டம், வண்டி காயதுக்கே நேரம் இல்ல. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் கெடக்க வண்டிக்க பைப்பையும் குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டிக்க பைப்பையும் பக்கத்துல வச்சு பாத்தா வித்தியாசம் தெரியும், குலசேகரத்து வண்டி சேறு பூசி இருக்கும் ஆனா பைப்பு நல்லா இருக்கும்.

சரி, ஸ்பேனர் எடுக்கதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. சில நேரம் சீலும் நல்லா இருக்கும் பைப்பும் நல்லா இருக்கும், உதட்டுக்க அடியில ஒரு மணல் துணுக்கு மாட்டி அது வழியா ஆயில் கசியும். பீச்சு மணல்ல வண்டி விட்ட ஆளுகளுக்கு இது சகஜம். அதுக்கு கடையில பிளாஸ்டிக்ல ஒரு சாமான் விக்கான், அது வேண்டாம், வீட்டுல பழைய எக்ஸ்ரே இருக்கும்ல, எல்லா வீட்டுலயும் பீரோ மேல ஒண்ணு கெடக்கும், அதுல ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நுனியில ஒரு பக்கமா கொக்கி மாதிரி செதுக்கிக்க. நான் வெட்டுனது அம்மைக்க முட்டு எக்ஸ்ரே, அப்புறம் டாக்டர் பழைய படம் கொண்டு வான்னு கேட்டப்ப முட்டுல ஒரு மூலை மட்டும் இல்ல, அம்மை இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டும். ஆயில் சீலுக்கு மேல தூசி தடுக்க இருக்க டஸ்ட் சீலை மேல தூக்கிட்டு, அந்த துண்டை, பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவுல கீழ நோக்கி பைய சொருகி, ஒரு சுத்து சுத்தி, கொக்கி அழுக்கை இழுத்துட்டு வர்ற மாதிரி வெளிய எடு. கருப்பா பிசுக்கு வரும். நாலஞ்சு தடவை பண்ணிட்டு, பைப்பை சுத்தமா துடைச்சு, ஒரு நாள் ஓட்டிப் பாரு. ஒழுகு நின்னா நூறு ரூவா கூட செலவில்லாம சோலி முடிஞ்சுது. நிக்கலன்னா மேல படி.

இப்ப பைப்பு. மொதல்ல பைப்புல எந்த பாகம் சீலுக்குள்ள போய் வருதுன்னு தெரியணும், ஏன்னா அந்த எல்லைக்கு மேல எவ்வளவு துரு இருந்தாலும் சீலுக்கு கவலை இல்ல. ஒரு கேபிள் டை எடுத்து டஸ்ட் சீலுக்கு ஒட்டி மேல பைப்புல லேசா கட்டு, இறுக்காத, தள்ளுனா நகரணும். நம்ம ஊரு ரோட்டுல ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டு, ஒரு தடவை நல்லா முன் பிரேக் பிடி, வந்து பாத்தா டை மேல ஏறி நிக்கும். அதுவரைக்கும் தான் உன் எல்லை. பொறவு பைப்பைத் துடைச்சு கொஞ்சம் பஞ்சு எடுத்து அந்த எல்லைக்குள்ள நாலா பக்கமும் தடவு, பஞ்சு எங்க பிடிச்சு இழுத்து நாரு விடுதோ அங்க குழி இருக்குன்னு அர்த்தம். நகத்தை வச்சும் பாரு, நகம் தட்டுச்சுன்னா சீலும் தட்டும். கண்ணால மட்டும் பாத்து முடிவு பண்ணாத, ஆயில் பூசி இருக்கும்போது எல்லா பைப்பும் பளபளன்னு தான் இருக்கும். டஸ்ட் சீலுக்கு தொட்டு மேல ஒரு வளையம் மாதிரி துரு பிடிக்கும், சைடு ஸ்டாண்டுல மாசக்கணக்கா நின்ன வண்டியில மழைத்தண்ணி தேங்குற இடம் அது தான், அங்க நல்லா பாரு.

ஒண்ணு ரெண்டு சின்ன குழின்னா வழி இருக்கு. 1000 இல்ல 1500 நம்பர் வாட்டர் பேப்பர்ல (நைஸான உப்புத்தாள்) கொஞ்சம் ஆயில் விட்டு, அந்த இடத்துல மட்டும், குறுக்கா தேய்க்கணும், மேலயும் கீழயுமா இழுத்துத் தேய்ச்சா அந்த கீறலே ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். மேல துருத்திட்டு நிக்குற விளிம்பு போனா போதும், குழியையே அழிக்கணும்னு தேய்க்காத, சுத்தி இருக்க குரோமும் போயிரும். குழி ஆழமா இருந்தா பெட்ரோல்ல நல்லா துடைச்சு காய வச்சு அரால்டைட் பசை பூசி, ஒரு நாள் விட்டு, வாட்டர் பேப்பர்ல பைப்புக்க மட்டத்துக்கு இழைச்சுவிடலாம். நான் ஒரு தடவை பண்ணி ஒன்றரை வருஷம் ஓடுச்சு. ஆனா இது ஒட்டுப்போட்ட வேலை, பைப்பு சுத்தி முழுக்க சொரிஞ்சு போயிருந்தா இதெல்லாம் நேரத்துக்குக் கேடு, அப்ப புது பைப்பு வாங்கிரு. ஸ்பிளெண்டருக்கெல்லாம் பைப்பு ஈசியா கிடைக்கும். கிடைக்காத வண்டின்னா பழைய பைப்பையே கோயம்புத்தூர் மாதிரி ஊருக்கு அனுப்பி ஹார்ட் குரோம் போட்டு கிரைண்ட் பண்ணி வாங்கலாம், அது அபூர்வ வண்டிக்கு மட்டும் கட்டுபடியாகும்.

இன்னொண்ணும் பாக்கணும், இதை நெறைய பேரு விட்டுருவான். முன் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கி வச்சுட்டு, ரெண்டு பாட்டம் கேஸையும் கையால பிடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டு. கடகடன்னு ஆடுச்சுன்னா ஆட்டம் எங்க இருந்து வருதுன்னு பாரு, கழுத்துல இருந்து வந்தா அது பால் ரேஸ் (ஹேண்டில் திரும்புற இடத்து குண்டு பேரிங்), அது தனி சோலி. பைப்புக்கும் பாட்டம் கேஸுக்கும் நடுவுலயே ஆட்டம் இருந்தா கேஸ் தேஞ்சு போச்சு. சின்ன வண்டி பலதுல பைப்பு உரச தனியா புஷ் (மாத்துற வளையம்) கிடையாது, அலுமினியம் கேஸ்லயே பைப்பு ஓடும், தேஞ்சா கேஸே மாத்தணும். ஆடுற பைப்பு மேல தங்கத்துல சீல் செஞ்சு போட்டாலும் நிக்காது.

சாமான் வாங்கும்போது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கு, ஒரு பக்கம் போனா மத்ததுக்கும் அதே வயசு தான, அதுவும் இல்லாம ரெண்டு பக்கமும் ஆயில் ஒரே அளவுல ஒரே மாதிரி இருக்கணும். பழைய சீலு மேல மூணு எண்ணு போட்டிருப்பான், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மிமீ. வண்டி பேரைச் சொல்லி வாங்குனாலும் அந்த எண்ணை ஒத்துப் பாத்துக்க, ஒரே பேருல வந்த வண்டியிலயே வருஷத்துக்கு வருஷம் மாறி இருக்கும். விலை பாத்து கண்ட சீலும் வாங்காத. நம்ம ஊரு ரப்பர் பால்ல செஞ்ச சாதா ரப்பர் டயருக்குக் கொள்ளாம், ஆனா ஆயில்ல போட்டா ஊறி உப்பி கொழகொழன்னு ஆயிரும், அதனால தான் ஆயில் சீலை நைட்ரைல் ரப்பர்ல செய்யது. ரப்பர் விளையுற ஊர்ல இருந்துட்டு சீலுக்கு அந்த ரப்பர் ஆகாதுன்னு கேட்டப்ப எனக்கே கொஞ்சம் வருத்தம் தான். அது கூட டஸ்ட் சீல் ரெண்டு, பைப்புக்க மேல் வாய மூடுற மேல் போல்ட்டுக்க ஓ ரிங் ரெண்டு, அடியில இருக்க ஆலன் போல்ட்டுக்கு (தலையில ஆறு மூலை குழி உள்ள போல்ட்டு) செம்பு வாஷர் ரெண்டு, ஃபோர்க் ஆயில். செம்பு வாஷர் கிடைக்கலன்னா பழசை கேஸ் அடுப்புல செக்கச் செவேல்னு காய வச்சு தண்ணியில போடு, மெதுவாகி திரும்பவும் நல்லா உக்காரும்.

வண்டியைத் தூக்கி நிறுத்துற விஷயத்துல சோம்பல் படாத. செங்கல், ஹாலோ பிளாக்கு எதுவும் எஞ்சினுக்கு அடியில வைக்காத, சட்டுனு பொடிஞ்சு போகும். சென்டர் ஸ்டாண்டு போட்டு எஞ்சினுக்கு அடியில நல்ல மரக்கட்டையோ ஜாக்கியோ குடு, அதுக்கு மேல ஒரு கயிறும் கட்டு. நான் வீட்டு முன்னாடி நிக்குற பலாவுக்க கொப்புல கயிறு போட்டு கழுத்து பக்கம் கட்டுவேன், கட்டை நகண்டாலும் வண்டி விழாது.

கழட்டுற வரிசை முக்கியம். எல்லாத்தையும் வண்டியில இருக்கும்போதே இளக்கிரணும், கையில எடுத்த பொறவு பைப்பைப் பிடிக்க இடம் கிடைக்காது. மேல் போல்ட்டை அரை சுத்து இளக்கு, சில வண்டியில மேல் டீயில (ரெண்டு பைப்பையும் ஹேண்டிலுக்கு அடியில பிடிச்சிருக்க பிளேட்டு) பக்கவாட்டுல ஒரு கிளாம்ப் போல்ட்டு இருக்கும், அதை மொதல்ல லூஸ் பண்ணணும், இல்லன்னா மேல் போல்ட்டு மரைய கிளாம்பு கடிச்சுப் பிடிச்சிருக்கும். பொறவு பிரேக் கேபிள், மீட்டர் கேபிள், சக்கரம், மட்கார்டு. டிஸ்க் பிரேக் வண்டின்னா டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பரை அவுத்து கயிறுல கட்டித் தொங்க விடு, பிரேக் ஓசுல தொங்க விடாத. சக்கரம் போனதும் பாட்டம் கேஸுக்க அடியில ஒரு ஓட்டை தெரியும், அதுக்குள்ள தான் நம்மள அழ வைக்கப்போற ஆலன் போல்ட்டு இருக்கு.

அந்த போல்ட்டு உள்ள இருக்க டேம்பர் ராடைப் (ஷாக்கு துள்ளாம அடக்குற தண்டு) பிடிச்சிருக்கு. ராடு உள்ள சும்மா மிதந்துட்டு தான் கெடக்கும், நீ போல்ட்டைத் திருப்புனா ராடும் சேர்ந்து சுத்தும், எவ்வளவு திருப்புனாலும் கழராது. அதனால தான் பைப்புக்குள்ள இருக்க பெரிய ஸ்பிரிங் உள்ள இருக்கும்போதே இதை இளக்கணும்னு சொல்லுகது, ஸ்பிரிங் ராடு தலைய அமுக்கிப் பிடிச்சிருக்கும். மச்சினனை கூப்பிட்டு பாட்டம் கேஸை கீழ இருந்து மேல நல்லா அமுக்கச் சொல்லு, அமுக்குன நிலையில, ஆலன் கீய உள்ள முழுசா எறக்கி, ஓட்டைக்குள்ள சேறு இருந்தா குத்தி சுத்தம் பண்ணிட்டு, கீக்கு ஒரு நீள பைப்பு மாட்டி ஒரே வெட்டா திருப்பு. பைய பைய திருப்புனா சுத்தத் தான் செய்யும், வெட்டணும். அப்பவும் சுத்துச்சுன்னா மேல் போல்ட்டு, ஸ்பிரிங் எல்லாம் எடுத்துட்டு, கமுகு வாரியில ஒரு நீள கம்பு சீவி நுனிய கூம்பா இழைச்சு, மேல இருந்து உள்ள விட்டு சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டு, அது ராடு தலையில கடிச்சுப் பிடிக்கும், ஒருத்தன் கம்பைப் பிடிக்க, ஒருத்தன் கீழ திருப்ப வேண்டியது தான். கமுகு தான் வேணும்னு இல்ல, எனக்கு வீட்டுல அது தான் கெடந்தது. ஆலன் குழி உருண்டு போச்சுன்னா அந்த இடத்துலயே நிறுத்து, ஒரு லேத்துல கொண்டு போ, வீட்டுல வச்சு அதுகூட மல்லுக்கட்டாத, கேஸ் கெடும்.

மேல் போல்ட்டை முழுசா எடுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கித் தான் இருக்கும், கடைசி மரை விடும்போது துள்ளும், அதனால முகத்தை மேல நீட்டாம உள்ளங்கையால அமுக்கிக்கிட்டே திருப்பு. ஸ்பிரிங்கை எடுக்கும்போது எந்த முனை மேல இருந்ததுன்னு பாத்துக்க, சிலதுல ஒரு பக்கம் சுருள் நெருக்கமா இருக்கும், எப்படி இருந்ததோ அப்படியே போடணும். ஷாக்குக்க காலை (பைப்பும் கேஸும் சேர்ந்தது) வண்டியில இருந்து உருவி எடுத்து, ஆயிலை ஒரு பழைய டப்பாவுல கவிழ்த்து, பைப்பை மேலயும் கீழயுமா பத்து தடவை அடிச்சு முழுசா வடிய விடு. நாத்தம் தாங்காது, குளச்சல்காரன்கிட்ட சொல்லத் தேவையில்ல, ரெண்டு நாள் வெயில்ல கெடந்த மத்தி மாதிரி இருக்கும். சாம்பல் நிறத்துல மின்னுச்சுன்னா அது அலுமினியப் பொடி, பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். அந்த ஆயிலை தென்னை மூட்டுல ஊத்தாத, டப்பாவுல அடைச்சு பழைய ஆயில் எடுக்கவன்கிட்ட குடுத்துரு.

ஆலன் போல்ட்டு எடுத்தாச்சுன்னா பைப்பு பெரும்பாலான சின்ன வண்டியில கேஸுல இருந்து உருவிட்டு வந்துரும். பழைய புல்லட்டுல அமைப்பு வேற, அதுக்கு இதை வச்சு எறங்காத. பைப்பைக் கையில எடுத்ததும் வாசல்ல கிரானைட் போட்டிருந்தா அது மேல உருட்டிப் பாரு, அடியில வெளிச்சம் ஏறி இறங்குச்சுன்னா வளைஞ்சிருக்கு.

பழைய சீலை எடுக்க, டஸ்ட் சீலை நெம்பிட்டு, அதுக்கு அடியில ஒரு கம்பி லாக் இருக்கும், துரு பிடிச்சு அங்கேயே ஒட்டிக் கெடக்கும், கொஞ்சம் துரு இளக்குற ஆயில் விட்டு வச்சு சின்ன ஸ்குரூ டிரைவரால எடு, கண்ணுக்கு தெறிக்கும் கவனம். லாக்கை எடுக்காம சீலை நெம்புனவனையும் பாத்திருக்கேன், அதைப் பத்தி பேசண்டாம். பொறவு ஒரு பானை வெந்நி கொதிக்க வச்சு கேஸுக்க வாய்ப்பக்கம் வெளியில சுத்தி ஊத்து. சீலுக்குள்ள இருக்கது இரும்பு வளையம், கேஸ் அலுமினியம், சூட்டுல அலுமினியம் கூடுதலா விரியும், சீல் பிடி விட்டுரும். டயர் லிவரை நேரா கேஸ் விளிம்புல வச்சு நெம்பாத, அந்த விளிம்பு வெண்ணெய் மாதிரி, வடு விழுந்தா அங்க இருந்தே ஆயில் கசியும், நடுவுல ஒரு மரத்துண்டு குடுத்து நெம்பு. சீல் வந்ததும் அது உக்காந்திருந்த இடத்தை விரலால தடவு, கீறல் இருந்தா 1000 நம்பர் பேப்பர்ல லேசா ஒரு ஓட்டு ஓட்டிட்டு மண்ணெண்ணெய்ல கழுவி துடைச்சிரு.

இனி புது சீல். நான் மொத தடவை சொதப்புனது இங்க தான். பைப்புக்க மேல் முனையில சின்ன பிசிறு இருந்தது, நான் சீலை அது வழியா சரட்டுனு எறக்கிட்டேன், உதட்டுல ஒரு மயிரிழை வெட்டு விழுந்திருக்கு, கண்ணுக்குத் தெரியல, எல்லாம் பூட்டி மார்த்தாண்டம் வரைக்கும் போயிட்டு வந்து பாத்தா பைப்பு மேல ஆயில் வளையம். திரும்பவும் எல்லாம் கழட்டு. அதுக்குப் பொறவு பைப்பு முனையில ஒரு பால் கவரை சுத்தி, அது மேல ஃபோர்க் ஆயில் தடவி, அது வழியா தான் சீலை எறக்குவேன். சில பேர் கேஸுல மொதல்ல சீலை அடிச்சுட்டு பைப்பை மேல இருந்து உள்ள விடுவான், அப்பவும் இதே கவனம் வேணும். திசையும் முக்கியம், ஸ்பிரிங் வளையம் தெரியுற பக்கம் ஆயிலைப் பாத்து கீழ, எண்ணு எழுதுன பக்கம் வானத்தைப் பாத்து மேல. திருப்பிப் போட்டா அது ஆயிலை வெளிய தள்ள ஆரம்பிச்சிரும்.

உள்ள அடிக்க தனி டூல் எல்லாம் வேண்டாம். பழைய சீலை ஒரு பக்கம் ரம்பத்தால அறுத்து வச்சுக்க, அதை புது சீல் மேல வச்சு, மேல ஒரு பிவிசி பைப்பு துண்டு வச்சு சுத்தி சுத்தி சமமா தட்டு. அறுத்தது எதுக்குன்னா, அறுக்காம விட்டா பழசும் புதுசோட சேர்ந்து உள்ள மாட்டிக்கும், அறுத்ததை ஈசியா எடுத்துரலாம். தட்டும்போது சத்தத்தைக் கவனி, சீல் அடியில போய் உக்காந்ததும் டொக்குனு இருந்த சத்தம் டங்குனு மாறும். லாக்கு போடுற வெட்டு முழுசா தெரியணும், பாதி தெரிஞ்சா இன்னும் உக்காரல. லாக்கு, டஸ்ட் சீல். டஸ்ட் சீலுக்கு அடியில கொஞ்சம் கிரீஸ் வை, லாக்கு துரு பிடிக்காது, கடல் பக்கம் இருக்கவன் கட்டாயம் வைக்கணும்.

அடி ஆலன் போல்ட்டை செம்பு வாஷர் போட்டு, மரையில ஒரு துளி லாக்டைட் (போல்ட்டு இளகாம பிடிக்குற பசை) விட்டு இறுக்கு. ராடு சுத்துனா ஸ்பிரிங்கை தற்காலிகமா உள்ள போட்டு அமுக்கிக்கிட்டே இறுக்கு.

ஆயிலுக்கு வருவோம். வண்டி மேனுவல்ல எந்த கிரேடு, எத்தனை மில்லின்னு இருக்கும், பலதுல ரெண்டு கணக்கு போட்டிருப்பான், வடிச்சு ஊத்துனா ஒரு அளவு, முழுசா கழட்டி காய வச்சிருந்தா கொஞ்சம் கூடுதல், நீ கழட்டுனதால கூடுதல் அளவு தான் உனக்கு. மெடிக்கல் ஷாப்புல 50 மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்கிக்க, அதுல அளந்து ஊத்து, குத்துமதிப்பு வேண்டாம். ஊத்திட்டு பைப்பை பைய மேலயும் கீழயும் பத்து பதினஞ்சு தடவை இழு, உள்ள இருக்க காத்து குமிழி வெளிய வரட்டும். பொறவு ஸ்பிரிங் இல்லாம பைப்பை முழுசா அமுக்கி வச்சு, மேல் விளிம்புல இருந்து ஆயில் மட்டம் எவ்வளவு கீழ நிக்குன்னு ஒரு ஈர்க்குல வச்சு அளந்து பாரு, ரெண்டு காலும் ஒண்ணு போல இருக்கணும். கொஞ்சம் கூட ஊத்துனா ஷாக்கு கெட்டியா இருக்கும்னு சில மெக்கானிக்கே சொல்லுவாங்க, நம்பாத. ஆயிலுக்கு மேல இருக்க காத்தும் ஒரு ஸ்பிரிங் மாதிரி தான் வேலை செய்யும், ஆயில் கூடக்கூட காத்துக்கு இடம் குறையும், பெரிய குழியில எறங்கும்போது அழுத்தம் கண்டபடி ஏறி புது சீலையே வெளிய தள்ளிரும். எஞ்சின் ஆயில் 20 டபிள்யூ 40 ஊத்துற வழக்கமும் நம்ம பக்கம் உண்டு, வண்டி ஓடத் தான் செய்யும், ஆனா அது பலதுக்கு ரொம்ப கெட்டி, அதுல இருக்க மருந்து எஞ்சினுக்குன்னு சேர்த்தது. ஃபோர்க் ஆயில் விலை ஒண்ணும் பெருசில்ல, அதையே ஊத்து.

திரும்ப மாட்டும்போது ஒரு இடத்துல மட்டும் உயிர் போற விஷயம் இருக்கு. டிரம் பிரேக் வண்டியில டிரம்மை மூடுற பிரேக் பிளேட்டுல ஒரு வெட்டு இருக்கும், பாட்டம் கேஸுல துருத்திட்டு ஒரு முட்டு இருக்கும், முட்டு அந்த வெட்டுக்குள்ள உக்காந்தே ஆகணும். உக்காராம பூட்டிட்டா பிரேக் பிடிச்சதும் பிளேட்டும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தும், கேபிளைப் பிடுங்கி சக்கரம் பூட்டிக்கும், ஆள் ஹேண்டில் மேல பறந்துருவான். மாட்டுனதும் குனிஞ்சு கண்ணால பாரு, கையால தடவியும் பாரு. பொறவு ஆக்சில் நட்டையும் கிளாம்பையும் முழுசா இறுக்காம விட்டுட்டு, வண்டியை ஸ்டாண்டுல இருந்து எறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சு நாலஞ்சு தடவை ஷாக்கை அமுக்கு, ரெண்டு காலும் அதுக்கதுக்கு நேரா வந்து நிக்கும், அப்ப இறுக்கு. நேரடியா இறுக்குனா கால் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு நிக்கும், ஷாக்கு ஏறி இறங்க திணறும், சீலும் ஒரு பக்கமா தேயும்.

பிரேக்கையும் பாத்துரு, இவ்வளவு நாள் வடிஞ்ச ஆயில் எங்க போயிருக்கும்னு நினைக்கா. டிரம்மைத் திறந்து ஷூ நனைஞ்சிருந்தா மாத்திரு, பெட்ரோல்ல கழுவி வெயில்ல வச்சு ஓட்டலாம்னு நினைக்காத, சூடேறுனா உள்ள ஊறுன ஆயில் திரும்ப மேல வரும். டிஸ்க் பேடும் அப்படித் தான்.

ஓட்டிப் பாக்க மொதல்ல வீட்டுத் தெருவுக்குள்ளேயே ரெண்டு ரவுண்டு. பைப்பைத் துடைச்சுட்டு ஓட்டு, மொத நாள் மெல்லிசா ஈரம் மாதிரி ஒரு படலம் தெரிஞ்சா பயப்படாத, நீ பூட்டும்போது தடவுன ஆயில் தான், துடைச்சு விடு. மூணாவது நாளும் வளையமா ஆயில் நின்னா தான் எங்கயோ தப்பு. பொறவு வாரத்துக்கு ரெண்டு நாள் நல்ல தண்ணியில நனைச்ச துணியால பைப்பைத் துடைச்சு, காய்ஞ்சதும் ஒரு சொட்டு ஆயில் தடவு, சொத்தவிளை முட்டம்னு பீச்சு பக்கம் போயிட்டு வந்தா அன்னைக்கே துடை. பைப்பை மூடுற ரப்பர் உறை (பூட்) மாட்டுனா மணல் வராது, ஆனா உள்ள ஈரம் அடைஞ்சு நின்னா வெளிய தெரியாம பைப்பு அழுகும், மாட்டுனா மாசம் ஒருக்கா தூக்கிப் பாக்கணும்.

ரெண்டு காலுக்கும் சேர்த்து மொத தடவைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆகும், காலையில சீக்கிரமே தொடங்கு. ஆனா இப்ப கடைக்குப் போகாத தம்பி. மொதல்ல எக்ஸ்ரே துண்டை வச்சு ஒரு தடவை சுத்தம் பண்ணிப் பாரு, அப்புறம் கேபிள் டை கட்டி ஓட்டிட்டு, பைப்பைத் துடைச்சு பஞ்சு தடவி, பஞ்சு மாட்டுன இடத்தை வெயில்ல வச்சு கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சீல் மட்டும் போதுமா பைப்பும் சேர்த்து வாங்கணுமான்னு பாத்துட்டு சொல்லுகேன்.